அரை முழ மண்ணும் அயலவர் பகையும்

வேலிச் சண்டை என்றால் நம் படித்த வர்க்கத்தினருக்கு ஒரு நகைப்பு. அரை முழ மண்ணுக்காக அயலவர் மண்டையை உடைக்கும் பாமரத்தனம் என்று ஆசிரியர் ஓய்வறையிலே பேசிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின், மாலையில் வீடு திரும்பி, தம் சொந்த வளவின் வடக்கெல்லை குறித்துப் பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதுவார்கள். முறைப்பாட்டின் தமிழ் மாத்திரம் பாமரருடையதைவிடச் சற்று இலக்கணச் சுத்தமாக இருக்கும்.

அந்த நகைப்பையும் அந்த முறைப்பாட்டையும் ஒருங்கே எதிர்த்து எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறோம். கிழக்கிலங்கைக் கரையிலே, அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, தம்பிலுவில், திருக்கோவில், விநாயகபுரம், கோமாரி எனப் பொத்துவில்வரை நீளும் ஊர்களில் வேலி ஒரு சில்லறை விடயமன்று. அது குடும்பங்களை உடைக்கிறது. பிள்ளைகளின் படிப்பைக் குலைக்கிறது. சில வேளைகளில் இரு சமூகங்களையே எதிரெதிரே நிறுத்திவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு அடி நீளமுள்ள ஒரு வேலி அரை முழம், அதாவது ஒன்பது அங்குலம், நகர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நட்டம் 75 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆகவே வழக்குக்கு உட்பட்ட நிலம் ஒரு பேர்ச்சஸில் கால்பங்கைச் சற்று மிஞ்சும், அவ்வளவே. ஒரு தென்னை கைகால் நீட்டி வளர அந்த இடம் போதாது. இதற்காகச் சட்டத்தரணிக்கும், நிலஅளவையாளருக்கும், பஸ்ஸுக்கும், தவணைதோறும் இழந்த நாட்கூலிக்குமாக ஒரு குடும்பம் செலவிடும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்த வளவின் பாதியை விலைக்கு வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். இப்படிக் கூட்டிப் பார்ப்பவன் அறிவாளி, பார்க்காதவன் மூடன் என்று நம் ஓய்வறை அறிஞர்கள் தீர்ப்புக் கூறுவார்கள்.

ஆனால் பத்துப் பேர்ச்சஸ் வளவைத் தவிர உலகில் வேறு யாதொன்றும் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கணக்கு வேறு. ஆயிரம் ஏக்கர் உடையவன் அரை முழத்தைக் கவனியான். கவனிக்காமல் இருப்பது அவனுடைய பெருந்தன்மையன்று, அவனுடைய வசதி. ஏழை அரை முழத்துக்குப் போராடுவது அது ஒன்றே அவன் அளந்து பார்க்கக்கூடிய உடைமை என்பதனால். அவன் போராடுவதை நாம் குறை கூறவில்லை. யாருடைய ஆலோசனையின்பேரில், எந்த மேடையிலே, யாரோடு போராடுகிறான் என்பதுதான் நம் கேள்வி.

எல்லை ஏன் தகராறுக்குள்ளாகிறது? பேராசை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டால் ஆராய்ச்சிக்கே இடமில்லை. எங்கள் கரையின் வழமையைச் சற்று நோக்குங்கள். இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியே செல்கின்றன. மகளுக்குக் கலியாணம் என்றால் சீதனம் வீடு. தாய் தந்தையர் தாம் இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஓரத்திலே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அடுத்தவளுக்கு இன்னொரு துண்டு, அதற்கடுத்தவளுக்கு எஞ்சியது. தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடமும் இவ்வழமை வேரூன்றியிருப்பதை, அக்கரைப்பற்றிலே பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டியிருக்கிறார். இதன் பொருள் யாது? எங்கள் ஊரில் வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவர் பெரும்பாலும் அயலார் அல்லர். அக்காள், தங்கை, சின்னம்மாவின் மகள். தாய் உயிரோடிருக்கும்வரை வேலி வெறும் ஓலை. தாய் கண்ணை மூடியபின் அது எல்லையாகிவிடுகிறது.

பெண்வழி வரும் இந்த வழமையோடு அரசின் சட்டம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற குடியேற்றக் காணிகள் இம்மாவட்டத்தில் ஏராளம். அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், அச்சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது, அதிலும் மூத்தவனை. 2022இல் திருத்தம் வரும்வரை இதுவே சட்டம். வழமையின்படி வளவு தங்கைக்கு, தாளின்படி அண்ணனுக்கு. மேலும், அக்காணியை நினைத்தபடி கூறுபோடச் சட்டம் இடந்தருவதில்லை. ஆயின் பிள்ளைகள் நால்வர். எனவே குடும்பத்தார் தமக்குள்ளே பேசி, கதியால் ஊன்றிப் பிரித்துக்கொள்கிறார்கள். வரைபடம் இல்லை, உறுதி இல்லை, கச்சேரிப் பதிவும் இல்லை. அந்த வேலியே ஆவணம்! ஆவணத்தை ஆடு தின்னும், கறையான் அரிக்கும், காற்று சாய்க்கும். இதில் தகராறு வராதிருந்தால்தான் வியப்பு.

உறுதிக் காணிகளின் நிலை மேல் என்று எண்ணவேண்டாம். பழைய உறுதியொன்றைப் புரட்டினால், கிழக்கே இன்னார் வளவு, மேற்கே ஒழுங்கை, வடக்கே இன்னார் பெண்சாதியின் காணி, தெற்கே வாய்க்கால் என்றிருக்கும். பரப்பளவுக்கு முன்னே "ஏறக்குறைய" என்றொரு சொல் நொத்தாரிசின் கைப்பழக்கத்தால் வந்து விழுந்திருக்கும். அந்த ஒழுங்கை பின்னர் அகன்றிருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும், இன்னாரின் பேரர்கள் மூவருக்கு விற்றிருப்பார்கள். நம் உரிமைப் பத்திரத்தில் நம் காணியை அடையாளங் காட்டுவது அயலவரின் பெயரே என்பதைப் படித்தவர்களும் கவனிப்பதில்லை.

இதற்குமேல் 2004 டிசம்பர் 26 வந்தது. கடல் ஏறி இறங்கியபின் கரையோர வளவுகளில் வேலியுமில்லை, எல்லைக்கல்லுமில்லை. உறுதிப் பெட்டகமும் போயிற்று. பின்னர் கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் கட்டலாகாதென்று ஒரு தடை. ஓராண்டுக்குள் அதைத் தளர்த்தி வேறோர் அறிவிப்பு. இவ்விரண்டுக்குமிடையே சிலர் மேற்கே குடியமர்த்தப்பட்டனர். சிலர் பழைய இடத்துக்கே மீண்டனர். மீண்டவர் பூவரசையும் கிணற்றையும் தென்னையையும் குறிவைத்துக் கண்மதிப்பிலே வேலி கட்டினர். அதற்கு முன்னரே போரினால் ஊர்விட்டு ஊர் போனவர் பலர். அவர்கள் இல்லாத காலத்தைப் பத்தாண்டு ஆட்சியுரிமைக் கணக்கிலே சேர்க்கலாகாதென்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் கூறியது. அச்சட்டத்தைப்பற்றி எத்தனை ஆசிரியர் தம் மாணவரின் பெற்றோருக்கு எடுத்துரைத்தோம்?

இனி, சண்டை எவ்வாறு நடக்கிறதென்று பார்ப்போம். எவரையும் சுட்டாமல், எல்லாரும் அறிந்த வழக்கமான கதையையே எடுத்துக்கொள்வோம். புரட்டாதியிலே ஒருவர் வேலியைப் பிரித்து அடைக்கிறார். பழைய கதியால் உக்கியிருக்கிறது; புதியதைச் சற்றே அப்பால் ஊன்றுகிறார். மறுபக்கத்தார் காலையில் எழுந்து பார்த்துச் சத்தமிடுகிறார். கத்தி தூக்கியதாக ஒருவரும் கல்லெறிந்ததாக மற்றவரும் பொலிசுக்குப் போகிறார்கள். பொலிசார் சமாதானத்துக்குப் பங்கம் வரக்கூடுமென்று, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் தகவல் தாக்கல் செய்கிறார்கள். "அறுபத்தாறு போட்டாச்சு" என்று ஊரிலே செய்தி பரவுகிறது. போட்டவர் பாதி வென்றுவிட்டதாக மகிழ்கிறார்.

அவர் வென்றது என்ன? அந்த நீதிமன்றம் காணி யாருடையதென்று தீர்மானிப்பதேயில்லை. தகவல் தாக்கலான நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் எவரேனும் வன்முறையாக வெளியேற்றப்பட்டாரா என்பதை மாத்திரம் பார்த்து, உரிமை வேறு நீதிமன்றில் தீரும்வரை இன்னார் இருக்கட்டும் என்று கட்டளையிடும். அமைதியைக் காப்பதற்கு இது அவசியமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இதன் நிழலிலே வளர்வது எது? இருட்டிலே கதியாலை நகர்த்திவிட்டு இரண்டு மாதம் வாய்மூடி இருக்கத் தெரிந்தவனின் சாமர்த்தியம். வேலி நகர்ந்ததைக் கண்டும் "போகட்டும், பிறகு பேசுவோம்" என்றிருந்த நல்ல மனிதர் அந்த மேடையிலே தோற்கிறார். பொறுமையைத் தண்டிக்கும் இந்த இரண்டு மாதக் கணக்கை ஊரிலே எத்தனைபேர் அறிவார்? நகர்த்துபவர் மாத்திரம் நன்கறிவார். அவருக்கு அறிவிப்பதற்கு ஆளிருக்கிறது.

பின்னர் மாவட்ட நீதிமன்றம். எல்லை வழக்கு, உரிமை வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் தொடங்கிய வழக்கைத் தொடங்கியவரே முடிவில் காண்பாரென்பது நிச்சயமில்லை. ஒருவர் இறக்கிறார், அவருக்குப் பதிலாக ஐந்து பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும், ஒருவர் வெளிநாட்டில், தவணை. உடன்பிறந்தாருக்கிடையில் பத்தாண்டு இருந்துவிட்டால் காணி தனதாகிவிடுமென்று எவரோ சொல்லிக்கொடுத்திருப்பார். 1911இலேயே கொறியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில், உடன்பங்காளர் ஒருவரின் ஆட்சி பங்காளர் யாவருக்குமான ஆட்சியென்றே கொள்ளப்படும், வெறுமனே இருந்ததால் மற்றவர் உரிமை அழியாது என்று பிரிவிக் கவுன்சில் தீர்த்துவிட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பு எங்கள் ஒழுங்கைக்குள் வந்துசேரவில்லை.

உருசிய எழுத்தாளர் கோகோலின் கதையொன்று நம் வாசகருள் பலருக்குத் தெரிந்திருக்கும். உயிர் நண்பர்களான இரு இவான்கள், அயலவர்கள். ஒரு பழைய துப்பாக்கியில் தொடங்கிய மனத்தாங்கல், ஒருவர் மற்றவரை வாத்து என்று வைததில் முற்றுகிறது. எல்லையோரத்தில் ஒருவர் வாத்துக்கூடு கட்டுகிறார். மற்றவர் இரவிலே வந்து அதன் கால்களை அரத்தால் அறுக்கிறார். வழக்கு. ஆண்டுகள் கழிந்து கதைசொல்லி திரும்பி வந்து பார்க்கும்போது இருவரும் நரைத்துத் தளர்ந்திருக்கிறார்கள். இருவரும் தனித்தனியே அவரிடம் சொல்வது, நாளைக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்பதே. 1830களில் எழுதப்பட்ட கதை. மீர்கொரத் என்ற ஊர்ப்பெயரை நீக்கிவிட்டுப் பாருங்கள், எங்கள் ஊர்தான். ஒரு வேறுபாடு: அந்த இவான்களுக்கு நிலமிருந்தது, ஏவலாளர் இருந்தனர், சோம்பிக் கிடக்க வசதியிருந்தது. எங்கள் ஊரிலே வழக்காடுபவர் மீன்பிடிப்பவர், வயற்கூலி, கணவனை இழந்து இடியப்பம் அவித்து விற்கும் தாய்.

அந்தத் தாயைப்பற்றிச் சொல்லவேண்டும். வேலிச் சண்டைக்கு மாற்றாக நம் பெரியவர்கள் கூறும் மருந்து ஒன்றுண்டு: விட்டுக்கொடு. கேட்க இனிமையானது. ஆயின் யாரிடம் சொல்லப்படுகிறதென்று கவனித்திருக்கிறீர்களா? கடை வைத்திருக்கும் அயலவரிடமா? மூன்று ஆண்மக்களோடு நிற்கும் அயலவரிடமா? போரிலும் கடலிலும் ஆணை இழந்து தனித்து நிற்கும் பெண்ணிடந்தான், "பொம்பிளை, உனக்கேன் வீண் வம்பு, அரை முழந்தானே" என்று நால்வர் கூடிப் போதிக்கிறார்கள். இன்று அரை முழம், அடுத்த அடைப்பில் இன்னும் அரை முழம், பிறகு கிணறு. சமாதானம் என்ற பெயரால் நடைபெறும் இந்தச் சுரண்டலைவிட நேர்மையான வழக்கு மேலானது என்றே சொல்வோம். விட்டுக்கொடுப்பதற்கு முன்னே அளந்து பார்க்கவேண்டும். எவ்வளவு என்று தெரியாமல் கொடுப்பதை எந்த அகராதியில் ஈகை என்று எழுதியிருக்கிறது?

அளப்பதென்றால் யார் அளப்பது? இவர் ஒரு நிலஅளவையாளரைக் கொண்டுவருவார். அவர் இன்னொருவரைக் கொண்டுவருவார். இரண்டு வரைபடங்கள், இரண்டு எல்லைகள். எமது யோசனை எளிது. பதிவுபெற்ற ஒரே அளவையாளர், இருவரும் ஒப்பியவர், கூலி சரிபாதி, அளக்கும்போது இருவீட்டாரும் உடனிருக்கவேண்டும், இரு பக்க உறுதிகளையும், கிடைக்கின்ற மிகப் பழைய வரைபடத்தையும் அவர் கையில் கொடுக்கவேண்டும். பழைய கிழவர் ஒருவர் மரத்தையோ கிணற்றையோ காட்டுவாரானால் அவரையும் அழைக்கலாம். பெரும்பாலான தகராறு அந்தக் காலையிலேயே பாதி வற்றிவிடும் என்பது எம் துணிபு. ஏனென்றால் பாதித் தகராறு மண்ணைப்பற்றியதன்று, மதிக்காமல் செய்தான் என்பதைப்பற்றியது.

மீதிப் பாதிக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மூவர் இருந்து கேட்பார்கள். சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. இணங்கினால் எழுதிக் கையொப்பமிடுவர். இணங்காவிடில் அதற்கொரு சான்று கொடுத்து நீதிமன்றத்துக்கு வழிவிடுவர். இச்சபைகள் விடுமுறை நாட்களிலே பெரும்பாலும் நம் பாடசாலைக் கட்டடங்களிலேயே கூடுகின்றன. அவற்றில் அமர்வோரிற் பலர் இளைப்பாறிய அதிபர்கள், ஆசிரியர்கள். நம் வர்க்கத்தின் கையிலேயே இருக்கும் கருவி இது. நாமோ அதைப் பென்சன்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். அங்கேயும் "விட்டுக்கொடு" புராணம் ஓதப்படுகிறதென்பது உண்மை. அதை மாற்ற வேண்டுமாயின் உள்ளே போய் அமரவேண்டும், பெண்கள் அமரவேண்டும், கூட்டுச் சொல்லத் தெரிந்த பெரியவரைக் காட்டிலும் வரைபடம் படிக்கத் தெரிந்த இளம் ஆசிரியை அங்கே பயன்படுவாள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே வைத்துவிடவேண்டும். சபையிலோ கோயில் வாசலிலோ தாளில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால் மண் கைமாறிவிடுமென்று எண்ணுகிறார்கள். இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியுரிமையைக் கைமாற்றும் எழுத்து நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு முடிக்கப்படவேண்டும். இருக்கும் எல்லையைக் காட்டுவது வேறு, எல்லையை மாற்றி நிலங்கொடுப்பது வேறு. கொடுப்பதானால் உறுதி எழுதுங்கள், வரைபடத்தை அதோடு இணையுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துக்குப் போகாமல் எதுவும் செல்லாது. இந்தப் படியிலே சோம்பியிருந்துவிட்டுப் பத்தாண்டுக்குப் பின் பிள்ளைகளிடம் சண்டையைச் சீதனமாகக் கொடுத்த குடும்பங்கள் எங்களூரில் இல்லாமலில்லை.

வேலியின் ஒருபுறம் தமிழரும் மறுபுறம் முஸ்லிமுமாக இருந்துவிட்டால் கதை வேறாகிறது. அக்கரைப்பற்றைச் சூழ்ந்த வட்டைகளிலே இருசாராரும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி, ஒரே வரம்பில் நடந்து, தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்து வந்திருக்கிறார்கள். வரம்பு ஒரு சாண் நகர்ந்தால் வட்டை விதானையார் பார்த்துத் தீர்த்துவிட்ட காலமுண்டு. இன்று அதே ஒரு சாண் "அவர்கள் எம் மண்ணைப் பிடிக்கிறார்கள்" என்று ஒலிபெருக்கியில் ஏறுகிறது. ஏற்றுகிறவன் அந்த வட்டையில் ஒரு நாளும் இறங்கிக் கால் நனைத்தவனாக இரான். கல்முனையிலே பிரதேச செயலக எல்லை எதுவென்ற வினா 1990களிலிருந்து தீராமல் இழுபடுகிறது. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதப் பந்தல் எழுந்தது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகரசபை வழங்கும் வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களுக்குள்ளேயே நிறுத்திவைக்கப்பட்டது. எந்தப் பக்கம் நியாயம் கூடுதல் என்று இங்கே நிறுக்க நாம் வரவில்லை. ஆனால் கவனியுங்கள்: இதுவும் அதே வேலிச் சண்டையின் இலக்கணந்தான். அயலவரோடு அமர்ந்து அளப்பதை விட்டுவிட்டு, இருசாராரும் கொழும்புக்குப் பெட்டிசம் எழுதுகிறார்கள். கொழும்பு தவணை போடுகிறது. தவணைக்குத் தவணை தேர்தல் வருகிறது.

இவ்வளவு சந்தடிக்கிடையில் பெரிய வேலி எவர் கண்ணிலும் படுவதில்லை. காடென்றும் தரிசென்றும் கண்டதெல்லாம், மறுப்புக்குச் சான்று காட்டும்வரை, முடிக்குரியதென்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அன்றொரு வேலியிட்டது. அது அரை முழமன்று, அரை நாடு. நம் காலத்துக்கு வருவோமாயின், பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூலையிலே ஆயுதந்தாங்கியோர் இரவிலே வந்து குடிசைகளைக் கொளுத்தி மக்களை விரட்டினர். பின்னர் அங்கே படையினரின் முகாமும் உல்லாச விடுதியும் எழுந்தன. நிலத்தில் 340 ஏக்கரை மக்களுக்கு மீளக் கொடுக்கவேண்டுமென்று அமைச்சரவையே 2015 பெப்ரவரியில் தீர்மானித்தது. தீர்மானம் வந்தபின்னும் அம்மக்கள் ஆண்டுக்கணக்கிலே அலைந்தார்கள். 340 ஏக்கர் என்பது 54,400 பேர்ச்சஸ். நாம் மேலே கண்ட அரை முழத் தகராறுகளில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தைக் கூட்டினால்தான் அந்த ஒன்றுக்கு ஈடாகும். அந்த வேலியைப் போட்டவர்மீது எவரும் 66ஆம் பிரிவின்கீழ் தகவல் தாக்கல் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே ஏழைகள் தமக்குள் சண்டையை விட்டுவிட்டுப் பெரிய வேலியைப் பார்க்கட்டும், சிறியது தானே மறைந்துவிடும் என்று நம் தோழர் சிலர் கூறுவார்கள். கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எமக்குச் சலித்துவிட்டது. தங்கையின் கிணற்றை அடைத்துக் கட்டியவன் அடுத்த நாள் அவளோடு சேர்ந்து பாணமைக்கு ஊர்வலம் போவானா? அரை முழத்தை நியாயமாகத் தீர்க்கத் தெரியாத ஊர் ஐந்நூறு ஏக்கரை மீட்கக் கூடி நிற்குமென்று எதிர்பார்ப்பது நடவாது. பாணமையிலே மக்கள் கூடி நின்றதற்குக் காரணம், விரட்டப்பட்டவர் தம் வளவின் எல்லையைப்பற்றி ஒருவரோடொருவர் அந்நேரம் வழக்காடிக்கொண்டிராததும் ஒன்றாக இருக்கலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உயர்தர வகுப்பிலே முக்கோணகணிதம் படிப்பிக்கிறோம். தன் வீட்டு வரைபடத்திலே அளவுத்திட்டம் எதுவென்று பார்க்கத் தெரியாத மாணவனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறோம். ஒரு சனிக்கிழமை, பத்து மாணவரைக் கூட்டிக்கொண்டு, நாடாவோடு ஓர் ஒழுங்கை நீளமும் நடந்து, கேட்பவர்களுக்கு உறுதியை வாசித்துக் காட்டுங்கள். அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கும் பெற்றோரிடம் பின்னுரித்தாளரை நியமித்துவிட்டார்களா என்று கேளுங்கள்; இல்லையெனில் படிவத்தைக் கொண்டுவந்து நிரப்பிக் கொடுங்கள், பெண்பிள்ளையின் பெயர் விடுபடாமல். மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் எழுதக் கூலி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியை ஒழிக்க ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

வேலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆடும் மாடும் கோழியும் உள்ள ஊரிலே வேலி வேண்டும். பழைய அடைப்பை இரு வீட்டாரும் ஒரே நாளில் பிரித்து, அளந்த கோட்டில் கயிறு கட்டி, மாரி தொடங்குமுன் பூவரசோ கிளுவையோ ஊன்றினால் மழையோடு வேர்பிடிக்கும். கிணற்றடிக்குப் போக ஒரு கடப்பும் விடவேண்டும். அதன் அகலத்தையும் தாளிலே குறித்து இருவரும் ஒப்பமிடவேண்டும்.